இடப்பக்க சீட்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்று எதிர்வீட்டுக்காரர் காலையிலேயே வந்து நினைவுபடுத்திவிட்டுப் போனார். பெரிய அக்கறை. பண்டிகை இல்லை, சரி; வண்டியைக் கழுவக்கூடவா கூடாது? கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில் நான் ஓட்டிய சைக்கிள், அப்புறம் மொபெட், ஸ்கூட்டர், பழைய கார் எல்லாவற்றுக்கும் இந்த நாளில் சௌந்தரம்தான் பொட்டு வைப்பாள். பங்குனியில் அவள் போய்விட்டாள். அதற்காக வண்டி மூளியாக நிற்க வேண்டுமா?

நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆவணியில் தேன்மொழி வாங்கிக் கொடுத்த புதுக் கார் இது. அம்மா இல்லாத அப்பாவுக்கு மகள் பெங்களூரிலிருந்து கார் அனுப்புகிறாள், அதுவும் ஒரு பாசம்தான். நான்கு கதவையும் திறந்துவிட்டு ஹோஸ் பைப்பை உள்ளேயே பிடித்தேன். மாட்டுத் தொழுவம் கழுவிப் பழகிய கை, தரை பளிச்சென்று ஆகும்வரை விடாது. பிறகு சந்தனம். முகப்பில் கம்பெனி முத்திரை இருக்கிறதே, அது தெரியாத அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமம். கண்ணாடியில் மேலே விபூதிப் பட்டை. சௌந்தரம் இப்படித்தான் வைப்பாள், கஞ்சத்தனமே கிடையாது. செவ்வந்தி மாலை, எலுமிச்சம்பழம். சூடத்தை மட்டும் தலைகீழாகச் சுற்றிவிட்டேன். காலையில் காபி குடிக்கவில்லை, அதனால்.

அக்டோபர் 2, வியாழன்

வண்டியை எடுத்தால் ஒரே கூப்பாடு. 'டிங் டிங்' என்று விடாமல் அடிக்கிறது. பார்த்தால், இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு. இடப்பக்க சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு துண்டுகூட இல்லை.

இன்னும் இரண்டு விளக்கு வேறு. ஒன்றில் ஓர் ஆள், அவன் மடியில் பலூன் மாதிரி ஒரு வட்டம். இன்னொன்று, முன்பக்கப் பார்வை மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் எழுத்து. மாட்டுக்கு வாயில்லை, நாம்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு வாய் இருக்கிறது, ஆனால் வாயைத் திறந்தால் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்கிறது.

சத்தம் தாங்காமல், எட்டி அந்தப் பக்க பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டின் குறுக்கே மாட்டினேன். உடனே அடங்கிவிட்டது. "போலாமா?" என்று வாயில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், வண்டி நகர்வதற்கு முன் அதைக் கேட்காமல் நகர்ந்ததில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். பானு என்று ஒரு பெண் எடுத்தாள்.

"வெள்ளியங்கிரி சாருங்களா? உள்ளார தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா சார்?"

"கழுவுனேன். அதுக்கென்ன?"

சிரிப்பை அடக்குகிறாள் போல.

"பூஜை முடிஞ்சா எங்களுக்கு இந்த வேலைதான் சார். சீட்டுக்கு அடியில வயரு வந்து சேர்ற எடம் இருக்குது, அங்க தண்ணி போயிருச்சுன்னா ஆள் இருக்கறதா வண்டி நெனச்சுக்கும். அந்த பலூன் வெளக்கு எரியுதுன்னா, வண்டி மோதுனாக்கூட ஏர்பேக் விரியாதுங்க. கொண்டாந்து விடுங்க சார். அதுவரைக்கும் முன்னாடி சீட்ல யாரையும் உக்கார வெக்காதீங்க."

"எனக்கும் விரியாதா?"

"விரியாது சார். அதான் சொல்றேன், வண்டிய எடுக்காதீங்க."

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு விரிந்தால் என்ன, விரியாவிட்டால் என்ன.

அக்டோபர் 6, திங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போகவில்லை. கிளம்பத்தான் கிளம்பினேன். பெல்ட்டை மாட்டினேன், 'போலாமா' ஆயிற்று. மெயின் ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் கோயமுத்தூர், இடப்பக்கம் ஆழியாறு. ஆழியாறு போய் எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

அணையில் தண்ணீர் நன்றாக நிற்கிறது. கடையில் பழக்கதோஷம், டீ இரண்டு சொல்லிவிட்டேன். வந்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை, இரண்டையும் நானே குடித்தேன். சர்க்கரை இல்லாத டீயைச் சௌந்தரம் எப்படித்தான் குடித்தாளோ.

அக்டோபர் 9, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பேட்டரிக்கு நல்லது.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று பிழைத்தது புண்ணியம். யார் செய்ததோ.

பல்லடம் ரோடு. இந்தக் காரில் ஒரு வசதி, வேகத்தை வைத்துவிட்டால் காலை எடுத்துவிடலாம். முன்னால் போகும் வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும், நின்றால் நிற்கும். மாப்பிள்ளை வண்டியை விட்டுப் போனபோது, "நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும் மாமா" என்றார். ரிடையர் ஆனவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை, இருந்தாலும் ஒரு மாதம் அப்படித்தான் உட்கார்ந்து பழகிவிட்டேன். பூஜைக்கு அப்புறம் அந்த பட்டனை அழுத்தினால் விளக்கு வருவதில்லை. இன்றும் அழுத்தினேன், வந்ததா என்று பார்க்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் கால் தரையில் இருந்தது.

பேச்சு என்றால், எதிர்வீட்டுக்காரர் மாமரத்தை வெட்டிய விஷயம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போ, கூரை உயரத்துக்கு ஏற்றியிருந்தான். அவன் நின்றான். நம் வண்டி நிற்கும் என்று நான் இருக்கிறேன். அது நிற்கவில்லை. மட்டைக்குவியல் கண்ணாடி முழுவதும் வந்துவிட்டது. எப்படிக் காலைத் தூக்கி பிரேக்கை மிதித்தேன் என்று தெரியாது, எழுந்து நின்று மிதித்த மாதிரி மிதித்தேன். நம் மூக்குக்கும் டெம்போவுக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

எழுத வேண்டியது இதுதான். வண்டி நின்ற பிறகு பார்க்கிறேன், என் இடது கை ஸ்டியரிங்கில் இல்லை. பக்கத்து சீட்டின் குறுக்கே நீட்டி, யாரும் முன்னால் விழாதபடி மறித்துக்கொண்டிருக்கிறது. காலி சீட்டு. அந்தக் கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஓரமாக நிறுத்தி, சந்தனத்தைச் சுரண்டினேன். சிமெண்டு பூசிய மாதிரி காய்ந்திருந்தது. அந்த முத்திரைக்குப் பின்னால்தான் வண்டியின் கண் இருக்கிறதாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடி மேலே நான் விபூதி பூசிய இடத்தில் இன்னொரு கண். தெய்வத்துக்குக்கூடக் கண்ணை விட்டுவிட்டுத்தான் சந்தனக்காப்பு போடுவார்கள், நான் இரண்டையும் சேர்த்து மூடியிருக்கிறேன். துடைத்ததும் திரையில் அந்த எழுத்து போய்விட்டது. சீட் விளக்கும் பலூன் விளக்கும் போகவில்லை. அது துடைத்துப் போகிற சமாசாரம் இல்லை.

இனிமேல் வண்டி தானாக நிற்கும் என்று காலைச் சும்மா வைப்பதில்லை. பேச்சையும் குறைக்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

தேன்மொழி போன். வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் அவள் செல்போனில் காட்டுமாம்.

"ஏம்ப்பா, ஏர்பேக் ஃபால்ட்டுன்னு இத்தனை நாளா காட்டுது. இன்னும் சரி பண்ணலியா?"

"ஆளு அனுப்பறேன்னாங்க கண்ணு."

"அதோட, பக்கத்து சீட்டுல ஆள் இருக்கறதாக் காட்டுது. ஆழியாறு போனப்ப, பல்லடம் போனப்ப, எல்லாத்துக்கும். யாருப்பா கூட வர்றாங்க?"

என்ன சொல்வது? அது பழுது, தண்ணீர் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். "தெரிஞ்சவங்கதான்" என்றேன்.

"நல்லதுப்பா. தனியாப் போகாதீங்க" என்றாள். குரல் எப்படியோ இருந்தது. என்ன நினைத்துக்கொண்டாளோ. வெட்கமாகிவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நமக்கு இல்லை. எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. பட்டாசுச் சத்தம் தாங்கவில்லை என்று உடுமலை ரோட்டில் வெகுதூரம் போய், ஒரு தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தி, அதிரசத்தைத் தின்றேன். பெல்ட்டை மாட்டித்தான் இருந்தேன், இரண்டு பக்கமும்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, வயரில் ஈரம். பைத்தியம் பிடித்தவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் கட்டில், நாற்காலி, சமையற்கட்டு எல்லாம் அவள் இல்லை, இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டி ஒன்றுதான் இருக்கிறாள் என்கிறது. பொய்தான். சொல்லட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

அக்டோபர் 24, வெள்ளி

மரகதம் போன் செய்தாள். சௌந்தரத்தின் தங்கை, கிணத்துக்கடவில் இருக்கிறாள். சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டதாம், கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம், இந்தக் கண்ணுக்கு ஒரு வாரம், அந்தக் கண்ணுக்கு அடுத்த வாரம். ஊசி போட்டால் கட்டுப் போட்டு அனுப்புவார்கள், பஸ்ஸில் வர முடியாது. சகலைக்குக் கொப்பரைக் களத்தை விட்டு நகர முடியாது.

"மாமா, உங்க கார்ல கொண்டுபோய்க் கொண்டாந்து விடறீங்களா? உங்களுக்குச் செரமமா இருந்தா வேண்டாமுங்க."

"செரமம் என்னம்மிணி. திங்கக்கெழம வாரேன்" என்றேன். சௌந்தரம் சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள்தான். நான் மருந்துக் கடையில் நின்றிருந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

மரகதம் முன்கதவைத் திறந்தாள். "பின்னாடி உக்காரு" என்றேன். நான் நினைத்ததைவிட வெடுக்கென்று வந்துவிட்டது.

அவள் சீட்டைப் பார்த்தாள். குறுக்கே மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள். "அக்கா சீட்டுங்களா மாமா?" என்றாள்.

"ஆமா."

ஏர்பேக் வேலை செய்யாது, உட்கார்ந்தால் ஆபத்து என்று சொல்லியிருந்தால், ஏன் சரி செய்யவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் ஒரு பேச்சில்லை. மரகதம் ஒரு பேச்சில்லாமல் கோயமுத்தூர் போய் வந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும். திரும்பும்போது ஒற்றைக் கண் கட்டோடு பின்சீட்டில் தலை சுற்றி, ஈச்சனாரி தாண்டி இறங்கி வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "முன்னாடி உக்காந்தா எனக்கு இப்படி வராதுங்க" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

பானு போன் செய்தாள். எப்போது வருகிறீர்கள் என்று. வருகிறேன் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

இரண்டாவது கண்ணுக்கு ஊசி போட்டு முடித்து வெளியே வந்தபோது மழை கொட்டியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்கதவைத் திறக்கப் போனேன். மரகதம் நனைந்துகொண்டே முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க மாமா, பின்னாடி உக்காந்தா வாந்தி வந்துரும். வாந்தி எடுத்தாக் கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லீட்டார். அக்கா ஒண்ணும் நெனைக்க மாட்டா." கண்கட்டும் மழைத்தண்ணீருமாக இருப்பவளை எப்படி இறக்குவது? மெதுவாகப் போய்விடலாம் என்று எடுத்தேன். குடையை மடக்குவதும், கண்ணாடியில் ஆவி படிந்ததைத் துடைப்பதுமாக ஒரே அவசரம். வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. சத்தமில்லை என்றால் எல்லாம் சரி என்று மனது எடுத்துக்கொண்டது.

பெல்ட்டை நான் ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தேன். காலி சீட்டுக்கு. ஒரு மாதமாக அது அப்படியே கிடக்கிறது. கண் தெரியாதவள் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். பெல்ட் முதுகுக்குப் பின்னால். வண்டிக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் பெல்ட் மாட்டியிருக்கிறது, ஆள் இருக்கிறது. எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

மரகதத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. அக்காவைப் பற்றித்தான். சின்ன வயதில் இருவரும் ஒரே தாவணியை மாற்றி மாற்றிக் கட்டியது. நான் சிரித்தேன்கூட.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டி, முன்னால் பால் வேன். நடுத்தடுப்பு இடைவெளியில் ஒரு கன்றுக்குட்டி ஓடி வந்தது. வேன் சடாரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன், வண்டியும் தானாகச் சேர்த்து மிதித்தது. கண்ணைத்தான் துடைத்து விட்டிருந்தேனே, பிரமாதமாக நின்றது. வேனில் படவே இல்லை. கன்றுக்குட்டி அந்தப் பக்கம் போய்விட்டது. மரகதம் மட்டும் நிற்கவில்லை. முன்னால் போய், நெற்றி டேஷ்போர்டில் மோதி, அப்படியே சரிந்தாள்.

அன்றைக்குக் காலி சீட்டை மறித்த கை, நேற்று ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

ரத்தம். மாட்டு ரத்தம் எவ்வளவோ பார்த்தவன், "அம்மிணி, அம்மிணி" என்று கத்துகிறேன், கதவைத் திறக்கத் தெரியவில்லை. பால் வேன்காரர்தான் வந்து திறந்தார். "பெல்ட்டு போடாம கூட்டிட்டு வருவீங்களா பெரியவரே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வேனிலேயே கொண்டுபோனோம். நெற்றியில் தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நான் உட்காரவில்லை. "வேகம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கைக்குப் பக்கத்தில் நின்று மரகதத்திடம் சொன்னேன். தண்ணீர் போனது, விளக்கு எரிந்தது, ஆள் இருப்பதாக வண்டி நினைப்பது, நான் சரி செய்யாமல் விட்டது. டீ சமாசாரத்தையும் சொன்னேன். எதற்குச் சொன்னேனோ, அதையும் சொன்னேன். நன்றாகத் திட்டட்டும் என்றுதான் இருந்தேன்.

அவள் திட்டவில்லை. வெகுநேரம் மேலே ஓடும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணால்.

"அக்கா நல்லபடியாப் போனா மாமா. நான் பக்கத்துல இருந்தனில்ல, எனக்குத் தெரியும். போறப்ப ஒரு செரமமும் படல" என்றாள். பிறகு, "அவளப் போயி ஒரு மாசமா சீட்டுல கட்டிப்போட்டு ஊர் ஊராக் கூட்டிட்டுத் திரியறீங்களே. அவுத்து உடுங்க மாமா" என்றாள்.

கட்டுத்தறியில் மாடு செத்துக் கிடந்தால் முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்று எத்தனை வீட்டில் நான் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டு நிற்பவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள், நானே குனிந்து அவிழ்ப்பேன். என் கயிற்றை அவிழ்க்க ஒருத்தி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நவம்பர் 5, புதன்

சகலை போன் செய்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உங்களுக்கு அடி கிடி இல்லையே?" என்றார். இல்லை என்றேன். பேசாமல் திட்டியிருக்கலாம்.

தேன்மொழியிடமும் சொல்லிவிட்டேன். யாரும் கூட வரவில்லை, அது பழுது என்று. அவள் அழுதாள். "யாராவது இருக்காங்கன்னு நெனச்சு நான் நிம்மதியா இருந்தேம்பா" என்றாள். இருவரும் ஒரே பொய்யில்தான் இருந்திருக்கிறோம்.

நவம்பர் 6, வியாழன்

நானே ஓட்டிப் போகவில்லை. பானு இழுவை வண்டி அனுப்பினாள். போகும் முன் இடப்பக்க பெல்ட்டைக் கழற்றினேன். உடனே 'டிங் டிங்' என்று ஆரம்பித்தது. வண்டியை அணைக்கிறவரை அடித்தது. அணைப்பதற்கு நான் அவசரப்படவில்லை.

நவம்பர் 8, சனி

வண்டி தயார். பஸ்ஸில் போனேன். வயரையும் இணைப்பையும் மாற்றிவிட்டார்களாம். பானு நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள்.

"இனிமே நெசமாலுமே ஆள் உக்காந்தாத்தான் சார் கத்தும்" என்றாள். தானே இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அடித்தது. பெல்ட் போட்டாள். நின்றது. இறங்கினாள். விளக்கு அணைந்தது. முன்னால் ஒரு சிவப்பும் இல்லை, ஒரு மஞ்சளும் இல்லை. "எல்லாம் கிளீன் சார். உள்ளார தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். என் பெல்ட்டை மட்டும் போட்டேன். 'போலாமா' என்று வரவில்லை. வாய் அதுவாகவே மூடிக்கொண்டது.

சுந்தராபுரம் வரை போக்குவரத்து நெரிசல், ஒன்றும் தெரியவில்லை. ஈச்சனாரி தாண்டி ரோடு காலியானதும் வண்டிக்குள் அந்த அமைதி வந்தது. நல்ல வண்டி, எஞ்சின் சத்தம்கூட உள்ளே கேட்காது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். துணி போட்ட ஒரு சீட். வேறொன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. பங்குனியிலிருந்து எல்லாரும் சொன்னார்கள், காரியம்கூட நான்தான் செய்தேன், எலும்பை நான்தான் பொறுக்கினேன். அப்போதெல்லாம் வராதது, கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறும்போது வந்தது. ரோடு கரைய ஆரம்பித்தது.

அழுதுகொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கண் மறைந்தால் கண் மறைந்ததுதான், அதற்குச் சந்தனமாக இருந்தால் என்ன, தண்ணீராக இருந்தால் என்ன. வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இடப்பக்க விளக்கைப் போட்டு, பாலம் இறங்கி, தார் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி, மண்ணில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். நாலு பக்கமும் மின்னுகிற விளக்கைப் போட்டேன். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். மாடு கத்துகிற மாதிரி இருந்தது எனக்கே.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மொபெட்டில் சோளத்தட்டு கட்டி வைத்திருந்த ஒரு ஆள், என் வயது இருக்கும். கண்ணாடியை இறக்கினேன்.

"ஏனுங்க, வண்டி மின்னீட்டு நிக்குதேன்னு பாத்தேன். ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். மொபெட்டை அணைத்தார்.

"அப்பறம் என்னாச்சுங்க?"

"என்ற சம்சாரம் செத்துப் போயிட்டாங்க" என்றேன். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. போய்விட்டாள், தவறிவிட்டாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"அடக் கடவுளே" என்று அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் சேதி வந்துச்சுங்களா?"

"ஆமாங்க," என்றேன். "இப்பத்தான்."